வால் ஆட்டியது தாளத்துக்கு அல்ல

நான் வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் வாரத்தில் நாலைந்து முறை என் கைப்பேசிக்குப் பறவைகள் வருகின்றன. ஜார்ஜ் டவுனில் நான் வேலை செய்த மிருக கிளினிக்கில் இப்போது முகப்பில் இருக்கும் நிஷா அனுப்புவாள். வாடிக்கையாளர் யாராவது பதினைந்து விநாடி வீடியோ எடுத்து கிளினிக்குக்குப் போடுவார்கள். அவள் அதை எனக்குத் தள்ளிவிட்டு, "மல்லிகாக்கா, இது ஓக்கேவா, கூட்டிட்டு வரச் சொல்லவா?" என்று கேட்பாள்.

முன்பெல்லாம் கூண்டோடு நேரில் வருவார்கள். இப்போது எல்லாம் வீடியோதான். பதினைந்து விநாடியில் ஒரு பட்ஜி குருவி என்ன சொல்லும்? கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டினாலே அது நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். அந்தப் பதினைந்து விநாடியும் அது போடுகிற வேஷம்தான். இதை நிஷாவிடம் பல தடவை சொல்லியாகிவிட்டது. அவள்தான், அக்கா நீங்க பார்க்கிறதை எழுதி வையுங்கள், எங்களுக்கு உதவும் என்றாள். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பும் அதற்குப் பிறகு படிவம் மூன்றும், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை, படித்தவள். எழுதத் தெரியாது. நடந்ததைச் சொல்லத் தெரியும். முருகனை நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கிளினிக்குக்கு வருவதற்கு முன் பாயான் பாருவில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் இருந்தேன். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, மயிரிழை போன்ற கம்பி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அந்தப் பகுதியை மூடியபோது எங்களை அனுப்பிவிட்டார்கள். கூண்டு கழுவ ஆள் தேவை என்று கேள்விப்பட்டு கிளினிக்குக்குப் போனேன். இருபத்தாறு வருடம் அங்கேயே ஓடிவிட்டது.

எங்கள் டாக்டர் சீனப் பெண்மணி. என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. என்னோடு மலாயில் பேசுவார். அவர் அதிகம் சொன்ன வார்த்தை 'துங்கு'. பொறு. நாய் கத்தினால் துங்கு, ஆள் கத்தினால் துங்கு, தொலைபேசி அடித்தால்கூட துங்கு.

சேர்ந்த முதல் வருடம் ஒரு பச்சை பட்ஜியைக் கொண்டுவந்தார்கள். நம் ஆள்கள் லவ் பேர்ட்ஸ் என்பார்களே, அதுதான். கூண்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, "ரொம்ப அமைதியா இருக்கு டாக்டர், ஒரு தொந்தரவும் இல்லை" என்றேன். உண்மையாகவே நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தேன். அது பந்துபோல இறகை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, இரண்டு காலையும் ஊன்றி அடிக்கம்பியில் உட்கார்ந்திருந்தது. டாக்டர் ஒரு பார்வை பார்த்தார். அரை மணி நேரத்தில் அதன் உயிர் போய்விட்டது. பிறகு கை கழுவிக்கொண்டே சொன்னார்: பட்ஜிக்கு அமைதி என்ற ஒன்று கிடையாது. நலமாக இருந்தால் அது வேலை செய்துகொண்டே இருக்கும். கொத்தும், கத்தும், தன் இறகைக் கோதும், பக்கத்தில் இருப்பதைத் திட்டும். வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால், அதற்குச் சக்தி இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் விளக்கேற்றும்போது அந்தப் பறவையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குப் பிறகு டாக்டர் எனக்குப் பறவையைப் பார்க்கிற முறை ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். கடைசி நாள் வரை அதை மாற்றவில்லை.

கூண்டு வந்ததும் பின் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மின்விசிறி கிடையாது. தாழ்வான மேசை, முக்காலி, சுவர்க் கடிகாரம். அவ்வளவுதான். கூண்டின் மூன்று பக்கமும் துண்டால் மூடி, ஒரு பக்கம் திறந்து வைக்க வேண்டும். திறந்த பக்கத்துக்கு நேரே உட்காரக் கூடாது. சாய்வாக உட்கார்ந்து வேறெங்கோ பார்க்க வேண்டும். நேருக்கு நேர் இரண்டு கண்ணும் வைத்துப் பார்க்கிறது எதுவோ அது தன்னைத் தின்ன வந்தது என்றுதான் பறவை நினைக்கும். நோய் இருந்தாலும் மறைத்துக்கொள்ளும். காட்டில் சோர்ந்து தெரிகிற பறவையைத்தான் பருந்து முதலில் பிடிக்கும் இல்லையா, அந்தப் பயம். ஐந்து நிமிடம் இப்படிச் சும்மா இருந்தால் அதற்கு வேஷம் போட்டு அலுத்துவிடும். அப்போது ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும்.

பார்த்ததை மஞ்சள் கார்டில் எழுத வேண்டும். கண், இறகு, மூச்சு, வால், கால், எச்சம். இறகு உடம்போடு ஒட்டி, ஆள் ஒல்லியாக நெட்டையாகத் தெரிந்தால் பயம். உப்பியிருந்தால் குளிர் அல்லது நோய். ஒற்றைக் காலில் நின்று, அலகை அரைத்து மெல்லிய சத்தம் செய்தால் நிம்மதியாகத் தூங்கப் போகிறது, அதை எழுப்பாதே. இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டிருந்தால் வெக்கை. தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டினால் ஆண் பறவை காதலில் இருக்கிறது. வாலைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கூண்டின் அடியில் போட்ட காகிதம்தான் டாக்டருக்கு மிக முக்கியம். எச்சத்தின் நிறத்தையும் ஈரத்தையும் வைத்தே பாதி சொல்லிவிடுவார். ஆனால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? டாக்டரிடம் போகிறோம், அழுக்குக் கூண்டோடு போனால் என்ன நினைப்பார்கள் என்று விடிந்ததும் கூண்டைத் தேய்த்துக் கழுவி, புதுக் காகிதம் போட்டு, பூ மட்டும்தான் வைக்கவில்லை, அப்படிக் கொண்டுவருவார்கள். டாக்டர் அந்த வெள்ளைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். தமிழ்ப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. தொலைபேசியிலேயே, "அக்கா, கூண்டைக் கழுவாம அப்படியே தூக்கிட்டு வாங்க" என்பேன். ஒருத்தர், "ஏன், நீ கழுவிக் கொடுப்பியா?" என்று கேட்டார்.

சிரிக்கிற நாளும் இருந்தது. பாலிக் புலாவிலிருந்து டுரியான் பழத் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அண்ணன் வந்தார். பறவை வாந்தி எடுக்கிறது, எதைத் தின்றாலும் வெளியே கக்குகிறது என்று கலங்கிப் போயிருந்தார். எதன் மேல் கக்குகிறது என்று கேட்டேன். அவருடைய கைப்பேசி மேலே, அதுவும் திரை கறுப்பாக இருக்கும்போது. பறவையைப் பார்த்தேன், கண் பளிச்சென்று இருந்தது, மூஞ்சி சுத்தமாக இருந்தது. உண்மையான வாந்தி என்றால் தலையை உதறும், நெற்றி இறகெல்லாம் பிசுபிசுத்துக் கிடக்கும். இது கறுப்புத் திரையில் தன் முகத்தைப் பார்த்து, துணை என்று நினைத்து, இரைப்பையிலிருந்து எடுத்து ஊட்டுகிறது. டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அண்ணன் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முப்பது வருஷமா குடும்பம் நடத்துறேன், எனக்கு இப்படி யாரும் ஊட்டுனதில்ல" என்றார். வாசலில் நின்ற அவர் மனைவி, "நீ முதல்ல மூஞ்சிய அதுமாதிரி சுத்தமா வெச்சுக்க, பார்க்கலாம்" என்றார்.

இனி வாலுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் நிஷாவே கற்றுக்கொள்வாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருடம் முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, பாயான் பாரு அடுக்குமாடி வீட்டிலிருந்து சரோஜா அக்காவும் அவர் கணவர் ராமு அண்ணனும் வந்தார்கள். அண்ணன் பட்டர்வொர்த் ஃபெரியில் கயிறு பிடித்தவர். இஞ்சின் சத்தத்தைத் தாண்டிக் கத்திக் கத்தி, வீட்டில் உப்புக் கேட்டால்கூட நாலு வீட்டுக்குக் கேட்குமாம். அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்து, தினமும் வாய்விட்டுப் பேசிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர்களுக்கு முன்னால் வாயைத் திறந்தால் வார்த்தை கோணிக்கொண்டு வரும், கண் கலங்கிவிடும், வாயை மூடிக்கொள்வார். ஆனால் மகள் வாங்கிக் கொடுத்த நீல பட்ஜியிடம் மட்டும் பேசினார். அதற்குப் பெயர் கண்ணன். அது அவருடைய விழுந்த கையின் மணிக்கட்டில் வந்து உட்காரும். 'வா' என்பார். 'சாப்டு' என்பார். அது சிரிக்காது, பாவம் என்று பார்க்காது. அக்கா என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "மல்லிகா, இந்தக் குருவிதான் அவருக்கு வாத்தியார். இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவரு வாய மூடிக்குவாரு. அப்புறம் யாரு திறக்கிறது?"

கண்ணன் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூச்சில் கரகரப்பு. எடை முப்பத்தெட்டு கிராம். டாக்டர் நுரையீரலில் கிருமி என்று நினைத்து மருந்து கொடுத்து, சூடு வைத்த பெட்டியில் மூன்று நாள் வைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை பார்த்தால் கத்துகிறான், கம்பியைக் கடிக்கிறான். அனுப்பினோம்.

போகும்போது நான் ஒன்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். "அக்கா, கண்ணு பட்டிருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் இல்லாம செவ்வாக்கிழமையும் சாம்பிராணி போடுங்க. கூண்டுக்கும் காட்டுங்க." அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே செய்கிறேன் என்றார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியாது. எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் தலைக்குக் குளிப்பாட்டி, கூடையைக் கவிழ்த்து, சாம்பிராணிப் புகை காட்டித்தான் வளர்த்தேன். சளி பிடிக்காது, துஷ்டம் அண்டாது. சாம்பிராணி எனக்குப் பூஜைச் சாமான் பாதி, மருந்து பாதி. அதைப் புகை என்று நான் ஒரு நாளும் எண்ணியதில்லை.

இரண்டு வாரம் கழித்து, மறுபடியும் சனிக்கிழமை. எடை முப்பத்து மூன்று. டாக்டர் மருந்தை மாற்றினார். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் தமிழில் கேட்டுச் சொன்னேன். ஒட்டாத நான்ஸ்டிக் சட்டி? இல்லை, இரும்புச் சட்டிதான். கொசுவர்த்தி? வலை கட்டியிருக்கிறோம். யாராவது சிகரெட்? கிடையாது. புது பெயின்ட்? இல்லை. சாமிக்கு ஊதுபத்தி? அக்கா வேகமாகத் தலையை ஆட்டினார். "ஊதுபத்தியே வாங்குறதில்ல. அந்த செண்ட் வாசம் அவருக்கு ஆகாது, தும்முவாரு." எல்லாம் உண்மை. நானும் அப்படியே மலாயில் சொன்னேன். பெட்டியில் மூன்று நாள் இருந்தான், தேறினான், போனான்.

மூன்றாவது முறை வந்ததும் சனிக்கிழமைதான். இருபத்தொன்பது கிராம். கையில் எடுத்தால் நெஞ்செலும்பு கத்திபோல் தட்டுப்பட்டது. பட்ஜியைப் பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தக் கூடாது. அது நெஞ்சை விரித்துத்தான் மூச்சு விட முடியும். கழுத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, மற்ற விரல்களைக் கூடுபோல் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் பிடித்திருந்தேன். என் கைக்குள் அந்தச் சின்ன உயிர் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டு, இனி மாற்றுவதற்கு என்னிடம் மருந்து இல்லை, அடுத்த தடவை உயிரோடு வருமா என்று சொல்ல முடியாது என்றார். வெளியே பெஞ்சில் ராமு அண்ணன் வெறும் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்த வார்த்தையைக் கொஞ்சம் மெலிதாக்கித்தான் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

சரோஜா அக்கா முகப்புக்கு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியைக் காட்டினார். "பாரு மல்லிகா. இவ்வளவு நோவுலயும் சாமிய மறக்கல. நேத்து பூஜையில எடுத்தேன். மணி அடிச்சா இவன் வாலால தாளம் போடுறான்." பார்த்தேன். விளக்கு எரிகிறது, மணிச் சத்தம், நீலக் குட்டி கம்பியில் உட்கார்ந்து வாலை மேலும் கீழும் ஆட்டுகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. போன பிறவியில் கோயிலில் இருந்த உயிராக இருக்கும் என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் அந்தக் கைப்பேசியை வாங்கிக்கொண்டு உள்ளே டாக்டரிடம் போனேன். இது எப்பேர்ப்பட்ட பறவை என்று அவருக்கும் தெரியட்டும் என்றுதான் போனேன். வேறு ஒரு எண்ணமும் இல்லை.

டாக்டர் வாங்கிப் பார்த்தார். முதலில் சத்தத்தை நிறுத்தினார். எப்போதும் அப்படித்தான், வாடிக்கையாளர் வீடியோ காட்டினால் சத்தம் வேண்டாம் என்பார். சத்தம் இருந்தால் காது கதை கட்டும், கண் அதை நம்பும் என்பது அவர் கணக்கு. மறுபடி முதலிலிருந்து ஓட விட்டு என் கையில் கொடுத்தார்.

"கீரா" என்றார். எண்ணு.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். சத்தம் இல்லாதபோது அக்காவின் கை மணியை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. வால் அந்தக் கையோடு சேரவில்லை. கை ஒரு பக்கம் போனால் வால் தன் போக்கில் போனது. பிறகு கை மணியைக் கீழே வைத்துவிட்டது. வால் நிற்கவில்லை. இன்னும் வேகமாகப் போனது. ஒவ்வொரு தடவை வால் இறங்கும்போதும் முதுகு முழுவதும் கூடவே இறங்கியது. அலகு திறந்திருந்தது. எத்தனையோ கூண்டுகளுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, 'வால் அடிக்கிறது, மூச்சு சிரமம்' என்று கார்டில் எழுதியவள் நான். சும்மா உட்கார்ந்திருக்கிற பட்ஜியின் வால் மூச்சுக்கு மூச்சு ஆடினால், உள்ளே காற்று போகவில்லை, உடம்பு முழுக்க பம்ப் அடிக்கிறது என்று அர்த்தம். மணிச் சத்தம் கேட்டவுடன் அதையெல்லாம் மறந்துவிட்டேன். சாமி என்றதும் என் கண்ணை மூடிக்கொண்டேன்.

எண்ணிக்கையைச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் டாக்டர் திரையில் விரலை வைத்து, கூண்டுக்கு அடியில் அந்தக் கை ஏதோ கொண்டுபோய் ஆட்டுகிறதே, வெள்ளையாக எழும்புகிறதே, அது என்ன என்று கேட்டார்.

"சாம்பிராணி, டாக்டர்."

"புகையா?"

புகைதான் என்றேன். வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டார். செவ்வாய், வெள்ளி. எப்போதிலிருந்து?  தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வெளியே போய் அக்காவிடம் கேட்பதுபோல் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். இருபது வருடம் கிட்டத்தட்ட நம்பி என்னிடம் கூண்டைக் கொடுத்தவர் முன்னால் அது முடியவில்லை. வெள்ளிக்கிழமை முன்பிருந்தே உண்டு, செவ்வாய்க்கிழமை நான் சொல்லிக் கொடுத்தது, கூண்டுக்குக் காட்டச் சொன்னதும் நான்தான் என்றேன்.

டாக்டர் மஞ்சள் கார்டை எடுத்தார். மூன்று தேதிக்குப் பக்கத்திலும் கிழமையை எழுதினார். சனி, சனி, சனி. மூன்றும் வெள்ளிக்கிழமைப் புகைக்கு மறுநாள். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கார்டைத் திருப்பி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நான் ஊதுபத்தி என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் அதுதான் உண்டு. உன் பக்கத்தில் என்ன உண்டு என்று எனக்குத் தெரியாது. அதற்குத்தான் நீ இருக்கிறாய்." பிறகு, "அங்கே சொன்னது நீ. போய் மாற்றிச் சொல்வதும் நீ" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கண்ணன் கிளினிக்கில் பெட்டியில் இருந்தான். நான் காலையில் குளித்து, விளக்கேற்றி, முருகன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நான் கேட்டது ஒன்றுதான்: உனக்குப் போடுகிற சாம்பிராணியை நிறுத்து என்று உன்னைக் கும்பிடுகிற வீட்டிலேயே போய்ச் சொல்லப்போகிறேன், இது பாவமா?  படத்தில் அவர் காலடியில் மயில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

சரோஜா அக்கா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்து, கண்ணன் செத்துவிட்டான் என்று நினைத்துவிட்டார். இல்லை அக்கா, இருக்கிறான் என்று சொல்லி உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார். ராமு அண்ணன் ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். நேற்றிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றார் அக்கா. கூடத்தின் மூலையில் சாமி மேடை. அதற்கு எதிரே, மூன்று முழம் தள்ளி, கூண்டு மாட்டுகிற கொக்கி. சாமி பார்வை படட்டும் என்று அங்கே மாட்டியிருக்கிறார்கள். மேடைக்குக் கீழே பித்தளைத் தூபக்கால், துலக்கிப் பளபளவென்று இருந்தது.

சொன்னேன். பறவையின் நுரையீரல் நம் நுரையீரல் மாதிரி இல்லை, சின்னப் புகையும் உள்ளே போய்ப் படிந்துவிடும், அவன் போட்டது தாளம் இல்லை, மூச்சுக்குத் தவித்தது என்றேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"நீதானே காட்டச் சொன்ன?"

"நான்தான் அக்கா. தப்பா சொல்லிட்டேன்."

"நாப்பது வருஷமா போடுறேன். இந்த வீட்டுல யாருக்கு என்ன ஆச்சு? நீயும் சாமி கும்பிடுறவ. அந்தச் சீனத்தி சொன்னான்னு இங்க வந்து சாம்பிராணி போடாதேங்கிற. அவனுக்காக எத்தன நாள் உருகி உருகிப் போட்டிருப்பேன். நான்தான் அவனக் கொல்றேங்கிறியா?"

 என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீங்க இல்லக்கா. நான். மயில வெச்சிருக்கிற சாமி, குருவி மூச்ச முட்டச் சொல்லிக் கேட்கல. நாமளாத்தான் செஞ்சிட்டோம்."

அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பாத்திரச் சத்தம் கேட்டது. நான் எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். அப்போது ராமு அண்ணன் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேடை வரைக்கும் போனார். கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது கையால் சுவரைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து, அந்தக் கையாலேயே தூபக்காலை எடுத்தார். கோல் இல்லாமல், சுவரில் தோளை உரசிக்கொண்டு, வாசல் வரை நடந்தார். விழுந்துவிடுவார் என்று நான் பக்கத்தில் போனேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றார். வெளியே நடைபாதையில், கதவோரத்தில் அதை வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. 

அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "செருப்புக்குப் பக்கத்துலயா வைப்பாங்க, அறிவிருக்கா?" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். தூபக்காலை எடுத்து முந்தானையால் துடைத்து, நடைபாதைக் கைப்பிடிச் சுவரோரம், துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். என்னிடம் சரி என்று சொல்லவில்லை. வா, போ என்றுகூடச் சொல்லவில்லை. நானாகவே கிளம்பினேன்.

புதன்கிழமை வந்து கண்ணனைக் கொண்டுபோனார்கள். டாக்டர் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. கூண்டை ஜன்னல் பக்கம் மாற்றி மாட்டும்படி சொன்னார். அக்கா டாக்டருக்கு மட்டும் தலையாட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை என் வீட்டில் விளக்கேற்றியபோது எனக்குச் சாமி நினைப்பே இல்லை. இந்த நேரம் அங்கே என்ன நடக்கிறதோ என்றுதான் இருந்தது. நாற்பது வருடப் பழக்கம். அன்றைக்குக் கணவர் தூபக்காலை வெளியே வைத்துவிட்டார் என்று அக்கா பேசாமல் இருந்திருக்கலாம். மனதுக்குள் ஏதாவது பயம் வந்து, ஒரே ஒரு தடவை என்று உள்ளே எடுத்துவந்திருக்கலாம். இருபத்தொன்பது கிராம் உடம்புக்கு அந்த ஒரு தடவை போதும்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தோம். ஒரு பூனை வந்தது. இரண்டு நாய், ஒரு முயல் வந்தன. கதவு மணி அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்தேன். பத்தரை ஆயிற்று. அவர்கள் வரவில்லை. வராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். நன்றாக இருந்தால் வர மாட்டார்கள். செத்துப்போனாலும் வர மாட்டார்கள். தொலைபேசியில் கை வைத்தேன். உள்ளேயிருந்து டாக்டர், "துங்கு" என்றார். எப்படித்தான் பார்த்தாரோ. பதினொன்றே காலுக்கு அவரே வெளியே வந்து, கார்டை என் முன்னால் போட்டு, இப்போது கூப்பிடு என்றார்.

மணி நாலைந்து தடவை அடித்த பிறகுதான் எடுத்தார்கள். சரோஜா அக்கா. நான் பெயரைச் சொன்னேன். 

"அக்கா, இன்னிக்கு வரலையே, கண்ணன்..."

"எதுக்கு வரணும்? அவன் இங்க கண்ணாடிகிட்ட நின்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்கான். காலையிலருந்து ஒரே ரகளை."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஃபெரியில் கயிறு பிடித்த குரல். கொஞ்சம் கோணியது, இழுத்தது, ஆனால் இஞ்சினைத் தாண்டிக் கேட்கும் குரல். "டேய்... கண்ணா. கண்ணாடிய... கொத்தாதடா. வாடா இங்க."

  தொலைபேசிக்குள் பட்ஜி கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கேட்டுச்சா?" என்றார் அக்கா.

"கேட்டுச்சு அக்கா."

"அப்ப வை போன. அடுப்புல குழம்பு இருக்கு."

வைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறானாம், அண்ணன் பேசுகிறார் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவை எடுத்துக் கார்டில் அன்றைய தேதியைப் போட்டார்.

"வால்?" என்று கேட்டார்.

கேட்க மறந்துவிட்டேன் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரிசீவரை எடுத்து மறுபடியும் என் கையில் கொடுத்தார்.